முதுமையில் தொடங்கிய திருப்பணிகள்: மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்

பழுதுற்ற திருக்கோயிலைப் புதுக்கும் பணிக்குச் சீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் பெயர் கூறும். விமானத்துச் சுதை உதிர்ந்து, மதிலில் அரசங்கன்று வேரூன்றி, விளக்கிடுவாரின்றிக் கிடந்த கோயிலை அன்பர் பலர் கூடி எடுத்துக் கட்டி, அட்டபந்தனம் சாத்திக் குடமுழுக்காட்டுங்கால் ஊரே மீண்டும் பிறந்தது போன்ற மகிழ்ச்சி உண்டாகின்றது. கல்லாலும் சுதையாலும் ஆகிய கோயிலுக்கு ஊரார் கூடிச் செய்யும் இப்பணியை, ஓலையாலும் எழுத்தாலும் ஆகிய தமிழ்க் கோயிலுக்கு ஏறத்தாழத் தனியொருவராய் நின்று செய்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். அவர் வரலாறு பலரும் அறிந்ததே. ஆயினும் இளமையிலும் நடுவயதிலும் அவர் செய்தனவே மிகுதியும் பேசப்படுகின்றன. அறுபதாண்டு நிறைந்த பின்னர் அவர் புதியனவாக மேற்கொண்டவை எவை, அவற்றுக்கு அவரைத் தூண்டியது யாது என்பவை அத்துணை எண்ணப்படுவதில்லை.

இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களுட் பலர் நொய்யற் கரையிலே சிறு முதலோடு தொழில் தொடங்கி, ஓரிரு பின்னல் எந்திரங்களிலிருந்து பெரிய பனியன் கம்பெனிகளை வளர்த்து, மணிவிழாவும் கண்டு, கணக்கையும் சாவியையும் மக்கள் கையில் ஒப்படைத்தவர்கள். நாற்பதாண்டுக் காலம் விடியுமுன் எழுந்து நூல் விலையையும் சரக்கு அனுப்பவேண்டிய நாளையும் எண்ணிப் பழகிய மனத்துக்கு, எண்ணுதற்கு ஒன்றும் இல்லாத காலைப்பொழுது பெருஞ்சுமையாகும். அத்தகையோர்க்கு ஐயரின் பிற்கால வாழ்வு அயலாருடைய கதை அன்று. மேலும், முதுமையில் அவர் வெளியிட்ட பெருங்காப்பியம் ஒன்று இக்கொங்கு நாட்டுக்கே உரியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முன்வாழ்வைச் சுருங்கக் கூறலாம். தஞ்சை நாட்டில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; செல்வம் இல்லாதவர். மகனுக்குத் தமிழில் இருந்த வேட்கையைக் கண்டு, ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்த்துச் சென்று ஆசிரியர்களிடம் சேர்ப்பித்தவர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மாணாக்கர் அடைந்தார். பிள்ளையவர்களோடு திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, மேலகரம் சுப்பிரமணிய தேசிகருடைய அருட்பார்வையில் வளர்ந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அவர் இருந்த இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட நிகழ்ச்சி அவரைச் சீவகசிந்தாமணியின்பாற் செலுத்தியது. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் கையால் அச்சு வாகனம் ஏறின. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அவ்வாண்டில் ஐங்குறுநூறும், அடுத்த ஆண்டில் பதிற்றுப்பத்தும் வெளிவந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தது. 1918இல் பரிபாடல் வெளிவந்தது. 1919இல் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 64.

இங்கே சிறிது நின்று எண்ணவேண்டும். அந்நாளில் அறுபத்துநான்கு என்பது மிக்க முதுமை. அவருக்குப் புகழ் இருந்தது. பட்டம் இருந்தது. உபகாரச் சம்பளம் இருந்தது. திருவட்டீசுவரன்பேட்டையில் தமக்கு வேலை தேடித்தந்த தியாகராச செட்டியாரின் பெயரால் தியாகராச விலாசம் என அழைத்த சொந்த வீடு இருந்தது. திண்ணையில் அமர்ந்து வருவாரோடு பழங்கதை பேசிப் பொழுது போக்கியிருந்தால் அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார். ஐம்பெருங்காப்பியங்களுள் மூன்றனையும், எட்டுத்தொகையுள் நான்கனையும், பத்துப்பாட்டு முழுவதனையும் தந்தவர் இன்னும் என்ன செய்யவேண்டும் என்றே உலகம் கேட்டிருக்கும். ஆனால் அவர் வீட்டு அலமாரிகளில் ஏடுகள் இன்னும் இருந்தன. அவற்றைக் காணுந்தோறும் கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்பதுபோல அவருக்குத் தோன்றியிருத்தல் வேண்டும். முதுமையில் அவரை எழுப்பியது புகழ்வேட்கை என்று கூறுதல் பொருந்தாது, அது நிறைந்துவிட்டது. எஞ்சியிருந்தது கடன் ஒன்றே.

அக்கடனுணர்ச்சி எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். திருப்பணிச் செல்வர்கள் இதனைக் கேட்டல் நன்று. சுவடி தேடிப் பாண்டிநாட்டில் அலைந்த காலத்தில் அவர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றார். புலமை மிக்க வரதுங்கராம பாண்டியனுடைய ஏடுகள் அவ்வூர்த் திருக்கோயிலைச் சேர்ந்திருந்தன என்று கேள்விப்பட்டு, அவற்றைப் பார்க்க விரும்பினார். கோயிற் பொறுப்பில் இருந்தவர், பழைய ஏடுகளைக் குப்பையில் எறிதல் ஆகாதென்றும், நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் ஆகுதி செய்வதே விதியென்றும் எண்ணி, அவ்வாறே செய்துவிட்டதாகத் தெரிவித்தார். பக்தியினாலேயே ஒரு நூல்நிலையம் சாம்பராயிற்று. அச்செய்தி ஐயர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாக நின்றது. தாம் ஒரு நாள் தாழ்த்தால் அந்நாளில் ஏதோ ஓர் ஏடு எங்கோ அழியும் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவே இல்லை. இக்காலத்தும் திருப்பணியின்போது மடைப்பள்ளி மூலையிலும் பரணிலும் கிடக்கும் ஓலைக் கட்டுகளை அறிந்தவர் கண்ணிற் காட்டாமல் அப்புறப்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்பதைச் சொல்லாமல் இருத்தல் இயலவில்லை.

ஓய்வு பெற்ற பின் அவர் முடித்த முதற் பெரும்பணி, 1924இல் வெளிவந்த பெருங்கதை. இதனைப் பாடியவர் கொங்குவேளிர். பெருந்துறைக்கும் செங்கப்பள்ளிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள விசயமங்கலமே அவர் ஊர் என்று கொங்கு நாட்டார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். திருப்பூரிலிருந்து பஞ்சும் நூலும் ஏற்றிய வண்டிகள் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றன. அவ்வூரில் இருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு காப்பியம் எழுந்ததென்பதை வண்டியோட்டுவோர் மட்டுமன்றி ஊரார் பலரும் அறியார். குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை மூலம் மறைந்துபோயிற்று. அதன் வழிவந்த உதயணன் கதையைக் கொங்குவேளிர் தமிழில் அகவல் நடையிற் பாடினார். அத்தமிழ்க் காப்பியமும் ஏறக்குறைய மூலத்தின் கதியையே அடைந்திருந்தது. கிடைத்த ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. உஞ்சைக் காண்டத்தின் முற்பகுதி போயிற்று. நரவாண காண்டம் இடையிலே அற்று நின்றது.

பின்னல் துணியில் ஓரிழை அறுந்தால் ஒரு கண்ணோடு நில்லாமல் அடுத்தடுத்த கண்களும் கழன்று ஓடும் என்பதை இப்பகுதியார்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. ஏட்டில் ஒரு சொல் சிதைந்தாலும் அவ்வாறே தொடரும், தொடரோடு கதையும் கழன்றுவிடும். தலையும் காலும் அற்ற கதையில் இன்னார் இன்னாருக்கு என்ன உறவு, எவ்வூரிலிருந்து எவ்வூருக்குச் செல்கின்றனர் என்பதை அறிவதே அரிது. ஐயர் வடமொழியிலுள்ள உதயணன் கதைகளை அறிந்தாரை உசாவியும், வேறு தமிழ் நூல்களின் உரைகளில் மேற்கோளாக வரும் பெருங்கதை அடிகளைத் தேடியும், இழை இழையாகச் சேர்த்து அதனை உருவாக்கினார். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 69. கற்றோர்க்கு மட்டும் பயன்பட்டாற் போதாதென்று, அக்கதையை உதயணன் சரித்திரச் சுருக்கம் என உரைநடையிலும் எழுதினார்.

பெருங்கதை சமண நூல். நெற்றி நிறைந்த நீறும் சிவபூசையும் உடைய ஐயர் சமண பௌத்த நூல்களுக்கு உழைப்பானேன் என்று அவர் காலத்திலேயே கேட்டோர் உண்டு. அவரோ சிந்தாமணி ஆராய்ந்த இளமையிலேயே கும்பகோணத்துச் சைன அன்பர்களின் வீடுகளுக்குச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தவர். ஆதீனத்தில் வளர்ந்த சைவத்துக்கு அது இழுக்கு என்று அவர் கருதவில்லை. கருதியிருந்தால் கொங்கு நாட்டின் பழங்காப்பியம் கொங்கு நாட்டார்க்கே கிடையாதொழிந்திருக்கும்.

பெருங்கதை வெளிவந்த அந்த 1924ஆம் ஆண்டிலேயே அவர் வேறொரு புதுப்பொறுப்பையும் ஏற்றார். சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் தலைமைக்கு ஐயரை வேண்டினார். எழுபதை எட்டும் வயதில், பழகிய வீட்டையும் நூல்நிலையத்தையும் விட்டு வேற்றூர் சென்று, புதிய கல்லூரி ஒன்றனை நடத்துதல் எளிதன்று. ஆயினும் தில்லைக் கூத்தன் திருமுன்பில் தமிழ் கற்பிக்கும் பேற்றை அவர் விடவில்லை. மூன்றாண்டு அங்கே இருந்தார். உடல் ஒத்துழையாமையால் 1927இல் விலகிச் சென்னைக்கு மீண்டார். தொடங்கியதை விடக்கூடாதென்று பிடிவாதம் செய்யாமல், தம்மால் இயலுவது எது, இயலாதது எது என்று அறிந்து விலகியது கவனிக்கத்தக்கது. கல்லூரி நடத்த வேறு பலர் இருந்தனர்; ஏடு பார்க்க அவரைப்போல் மற்றொருவர் இல்லை. அவர் மீண்ட சில ஆண்டுகளில், 1929இல், அக்கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாயிற்று.

சென்னைக்கு மீண்ட பின் அவர் பணிமுறை சிறிது மாறியது. கண்ணும் கையும் முன்போல உதவவில்லை. ஆகவே தாம் சொல்லப் பிறர் எழுதும் வழக்கம் மிகுந்தது. பின்னாளிற் புகழ்பெற்ற கி. வா. ஜகந்நாதன் அவர்கள் இளைஞராக வந்து அவரிடம் பாடங்கேட்டு, ஆராய்ச்சியிலும் துணைநின்றார். தமக்குப் பிள்ளையவர்கள் செய்ததைத் தாம் இளைஞர்களுக்குச் செய்தார் எனலாம். முதியவருக்கு எழுதுகோல் கிடைத்தது. இளையவருக்கு ஆசிரியர் கிடைத்தார்.

இனி அவர் முதுமைப் பணிகளுள் நெஞ்சை மிகுதியும் நெகிழ்விப்பதைக் கூறவேண்டும். 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் சிவபதம் அடைந்தார். இறுதி வேளையில் திருவாசகம் படிக்குமாறு அவர் குறிப்பித்தார். அடைக்கலப்பத்தை அருகிலிருந்து படித்தவர் இருபத்தோராம் வயது நிரம்பாத மாணாக்கர் சாமிநாதரே. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் உயிர் நீங்கிற்று. கணக்கற்ற தலபுராணங்களும் பிரபந்தங்களும் பாடிய அப்பெரும் புலவர் வறுமையிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் வாழ்வை முறையாக எழுதிவைத்தார் ஒருவரும் இல்லை.

அன்று முதல் அவ்வரலாற்றை எழுதவேண்டும் என்ற எண்ணம் மாணாக்கர் நெஞ்சில் இருந்தது. கல்லூரிப் பாடமும் பதிப்பு வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அதனைத் தள்ளிக்கொண்டே போயின. ஆசிரியரை நேரில் அறிந்தவர் ஒவ்வொருவராக மறைந்தனர். தாமும் மறைந்தால் பிள்ளையவர்கள் எவ்வாறு இருந்தார், எவ்வாறு பாடஞ் சொன்னார், யாரிடம் கடன்பட்டார், எதற்கு மகிழ்ந்தார் என்பவற்றைச் சொல்ல உலகில் எவரும் இரார் என்ற நிலை வந்தபோது, பிற வேலைகளுக்கிடையே அதனை எடுத்தார். ஊர் ஊராக எழுதிக் கேட்டும், பழைய கடிதங்களைத் தேடியும், தம் நினைவைத் துருவியும் செய்திகளைத் திரட்டினார். 1933இல் முதற் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகமும் தொடர்ந்தது. ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன; மாணாக்கர்க்கு வயது 78.

இதனால் அவர்க்குப் புதியதொரு வழி திறந்தது. அதுகாறும் பிறர் நூல்களைப் பதிப்பிப்பவராகவே அறியப்பட்டவர், எண்பதை அடுத்த வயதில் உரைநடை எழுத்தாளராக உருவெடுத்தார். தாம் கண்ட புலவர்கள், இசைவாணர்கள், வள்ளல்கள், சுவடி தேடிய வழியில் நேர்ந்த இன்ப துன்பங்கள் ஆகியவற்றைச் சிறு சிறு கட்டுரைகளாக எளிய நடையில் எழுதினார். அவை நல்லுரைக்கோவை, நினைவு மஞ்சரி முதலிய தொகுதிகளாயின. கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர், கனம் கிருஷ்ணையர் ஆகியோர் வரலாறுகளையும் நூல்களாக்கினார். மாயூரத்தில் இளைஞராக இருந்தபோது நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே அவர் சிறிது காலம் இசை பயின்றவர். இசையிற் புகுந்த மனம் இலக்கணத்தில் நில்லாது என்று பிள்ளையவர்கள் கருதியமையால் அதனை விட்டுவிட்டார். விட்ட அவ்விசைக்கு அறுபத்தைந்தாண்டு கழித்து ஆசிரியர் வரலாறு எழுதிக் கடன் தீர்த்தார் போலும்.

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1935இல் எண்பதாண்டு நிறைவு விழாவைச் சென்னையிற் பெரியோர் கூடிக் கொண்டாடினர். பாராட்டும் மாலையும் மலையெனக் குவிந்தன. இத்தகைய விழாவுக்குப் பின் மனிதர் மனம் இயல்பாகவே முடிவுரை எழுதத் தொடங்கும். ஐயரோ அப்பொழுது குறுந்தொகை உரையில் ஆழ்ந்திருந்தார்.

குறுந்தொகையை 1915இலேயே சௌரிப்பெருமாள் அரங்கனார் தம் உரையுடன் பதிப்பித்திருந்தார். ஆகலின் நூல் அழியும் என்ற அச்சம் அங்கே இல்லை. அச்சம் இல்லாத இடத்திலும் ஐயர் உழைத்தார் என்பது நோக்கத்தக்கது. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் அந்நூலுக்கு எழுதிய உரை மறைந்துவிட்டது. அக்குறை அவரை வருத்திக்கொண்டிருந்தது. சங்கத்தொகைகளைப் பழைய உரைகளோடு வெளியிடுவதே பெரும்பாலும் அவர் வழக்கம். குறுந்தொகைக்கு மட்டும் பதவுரை, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என முழுவதும் தாமே வகுத்தார். ஐம்பதாண்டுக் காலம் எந்நூலைப் படித்தாலும் குறித்துவைத்த குறிப்புகள் அனைத்தும் அங்கே வந்து உதவின. 1937இல் அது வெளிவந்தது. அப்பொழுது வயது 82. சங்கத்தொகை ஒன்றற்குத் தமது முழுவுரையை அவர் முதன்முறையாக எழுதி முடித்த வயது அதுவே. இளமையில் அதனைச் செய்திருக்க இயலாது என்று தயங்காமற் கூறலாம். அத்துணைக் குறிப்புகள் அப்பொழுது அவரிடம் இல்லை.

1939இல் திருப்பனந்தாள் காசி மடத்தின் ஆதரவில் குமரகுருபர சுவாமிகள் பிரபந்தங்களைப் பதிப்பித்தார். மடத்திற் பயின்ற மாணாக்கர் மடத்தின் முதற்குரவருக்குச் செய்த வழிபாடு அது. இடையே தூதும் உலாவும் கோவையும் பரணியுமாகச் சிறு நூல்கள் பல வெளிவந்தன. அவற்றை எண்ணப்புகின் இம்மலரின் ஏடுகள் போதா.

1940ஆம் ஆண்டு சனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடங்கிற்று. எண்பத்தைந்தாம் வயது நடந்துகொண்டிருந்தது. வார இதழில் தொடர் எழுதுதல் இளைஞர்க்கே இளைப்புத் தருவது. வாரந்தோறும் குறித்த நாளில் பகுதி சென்று சேரவேண்டும். பல்லாயிரவர் படிக்கும் இதழில், ஏடு என்றால் என்னவென்று அறியாத மக்களுக்கு, உத்தமதானபுரத்துச் சிறுவன் கதையை அவர் சொல்லத் தொடங்கினார். தம் பெருமையைவிடத் தம் ஆசிரியர் பெருமையையே அதில் மிகுதியும் பேசினார். தாம் அறியாமையாற் செய்த பிழைகளையும், பட்ட பசியையும் மறைக்கவில்லை.

1942 ஏப்பிரலில் சப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசினர். சென்னைக்கும் அவ்வச்சம் பரவி மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எண்பத்தேழு வயது நிறைந்த ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்துக்குரிய மனையில் தங்கினார். பதினாறு வயதுச் சிறுவனாக எந்த ஆதீனத்தின் நிழலை நாடி வந்தாரோ, அந்நிழலிலேயே, வேதகிரியின் அடியில், அவ்வாண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் இறைவன் திருவடி எய்தினார். மறு ஆண்டில் அவர் தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் கொண்டு சென்னை அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது.

விகடனில் என் சரித்திரம் அவர் மறைவுக்குப் பின்னும் மே மாதம் வரை வந்து, 122 பகுதிகளோடு நின்றது. அவருடைய மகனார் கல்யாணசுந்தரையர் அதனை 1950இல் நூலாக வெளியிட்டார். மணிமேகலைப் பதிப்பு நிகழ்ந்த காலத்தளவிலேயே அக்கதை அற்றுநிற்கின்றது. அதற்குப் பின் வாழ்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளை, அஃதாவது பெருங்கதையையும், சிதம்பரத்தையும், ஆசிரியர் வரலாற்றையும், குறுந்தொகையையும் பற்றி அவர் சொல்ல எண்ணியவற்றைச் சொல்லப் பொழுது வாய்க்கவில்லை. பின்னாளில் அவர் மாணாக்கர் ஜகந்நாதன் அவர்களே என் ஆசிரியப்பிரான் என்னும் நூலில் அப்பகுதியை எழுதினார்.